எல்லாரும் பார்க்கட்டும் என்று சொன்னவள் நான்

மகனே,

இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் உன் மகள் பதினேழு நாளாகக் காலேஜுக்குப் போகாமல் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். நீ போன் போட்டால் எடுப்பதில்லை. உன் பொண்டாட்டி அடுப்படியில் நின்று வாயைத் திறக்காமல் எனக்குச் சோறு போடுகிறாள். இதில் சௌக்கியம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். உன்னிடம் போனில் பேசலாம் என்றால் பாதியில் "சரிம்மா, சூப்பர்வைசர் வரான்" என்று வைத்துவிடுகிறாய். குரலைப் பதிந்து அனுப்பலாம் என்றால் அதை அறையில் இருக்கிறவன் எல்லாம் கேட்கிறான். போன வருஷம் லீவில் வந்த உன் அறைக்காரன் ஒருத்தன், நான் உன்னைத் திட்டினதை என் குரலிலேயே எனக்குப் பேசிக் காட்டினான். அவன் அன்றைக்குப் போட்டிருந்த சட்டை வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் மூணாங்கிளாஸ் படிப்பை வைத்துக்கொண்டு நாலு நாளாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நம்ம ஊர்க்காரர் புதன்கிழமை விமானம் ஏறுகிறார், கவரை ஒட்டி அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை உனக்கு வேலை இல்லை. உட்கார்ந்து முழுசாகப் படி.

எழுதுவதற்கு முன்னால் உன் மகளிடம் கேட்டேன். இந்த வயதில் ஒருத்தியிடம் கேட்டுக்கொண்டு ஒரு காரியம் செய்வது எனக்கு இதுதான் முதல் தடவை. "ஒங்கப்பனுக்கு லட்டர் எழுதப் போறேன்டி, ஒன்னப் பத்தித்தான்" என்றேன். முகத்தைத் திருப்பாமலே, "எம் பேரு வரக்கூடாது. எழுதி முடிச்சதும் நான் படிப்பேன். எனக்கு வேணாங்கிறத அடிச்சிடுவேன்" என்றாள். வெளிநாட்டில் உட்கார்ந்து பிள்ளைகளைப் போனில் பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற அப்பன்மார்களும் படிக்கட்டுமே என்றேன். பேர் இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்றாள். ஆகையால் இதில் உன் பேர், அவள் பேர், என் பேர் எதுவும் கிடையாது. முடித்ததும் படித்துவிட்டு ஒரு இடத்தில் அடித்தும் விட்டாள், அதைப் பற்றின வரிகளை அப்புறம் ஓரத்தில் சேர்த்திருக்கிறேன். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். அந்தப் பாதியையும் நீ ஒழுங்காகக் காது கொடுத்துக் கேட்கவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு மஞ்சள் நீராட்டு விழா நடத்தினோமே, அதைப் பாகூர் ஸ்டுடியோக்காரன் நேரலையில் போட்டானே, அந்த வீடியோ இன்றைக்கும் அவன் சேனலில் அப்படியே இருக்கிறது. அவள் பேர், உன் பேர், ஊர் பேர் மூன்றையும் சேர்த்துத் தலைப்பாக வைத்திருக்கிறான். நர்சிங் காலேஜில் இவளோடு படிக்கிறவள் எவளோ பேரையும் ஊரையும் போட்டுத் தேடியிருக்கிறாள். மூணு மணி நேர வீடியோவில் ஒரு இடத்தை மட்டும் பதினைந்து நொடிக்கு வெட்டி எடுத்து, சிரிப்புச் சத்தம் சேர்த்து, வகுப்புக் குரூப்பில் போட்டுவிட்டாள். அது அடுத்த வகுப்புக்குப் போனது, ஆஸ்பத்திரியில் இவர்களோடு பயிற்சிக்கு வருகிற பையன்களுக்குப் போனது. இப்போது எங்கெல்லாம் சுற்றுகிறதோ தெரியாது.

அந்தப் பதினைந்து நொடியில் என்ன இருக்கிறது என்று நீ என்னிடம் கேட்டாய். "சாமி சத்தியமா தப்பா ஒண்ணும் இல்லயேம்மா, அழுவற புள்ளதானே" என்றாய். நானும் பார்த்தேன். தலையில் கிரீடம் வைத்து, ராஜா நாற்காலியில் உட்கார்ந்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை அழுகிறது. கண்மை கன்னத்தில் வழிகிறது. பக்கத்தில் குனிந்து நிற்பது நான். அவள் என்னிடம் ரகசியமாக, "ஆயா, வயிறு வலிக்குது, உள்ள போலாம்" என்கிறாள். நான் அவள் கையைக் கிள்ளி, "செத்த நேரம் பல்லக் கடிச்சிக்கினு ஒக்காருடி, ஒங்கப்பன் பாத்துக்கினு கீறான்" என்கிறேன். நாங்கள் ரகசியம் என்று பேசிக்கொண்டது, நாற்காலிக்குப் பின்னால் அவன் செருகி வைத்திருந்த மைக்கில் பளிச்சென்று விழுந்திருக்கிறது. இப்போது அவள் வகுப்பில் கொட்டாவி விட்டாலும், சாப்பிட உட்கார்ந்தாலும், நோயாளிக்கு ஊசி எடுத்துக்கொண்டு போனாலும் பின்னாலிருந்து யாராவது ஒருத்தர், "ஒங்கப்பன் பாத்துக்கினு கீறான்" என்கிறார்களாம். என் குரலில், என் இழுவையோடு. ஒரு நாள் ஒரு நோயாளியே கேட்டுச் சிரித்தாராம். அன்றைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள்தான்.

வயிற்றுவலி எதனால் என்று இந்த இடத்தில் ரெண்டு வரி எழுதியிருந்தேன். அதைத்தான் உன் மகள் அடித்துவிட்டாள். கருப்பு மையால் எழுத்தே தெரியாதபடி அடித்திருக்கிறாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காதே.

இனி நீ பேசின பேச்சுக்கு வருகிறேன். வந்த மூணாம் நாள் அவளே உனக்குப் போன் போட்டாள், நான் பக்கத்தில்தான் இருந்தேன். "அப்பா, அந்த வீடியோவ எடுக்கச் சொல்லுப்பா" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. நீ என்ன சொன்னாய்? "அத ஏம்மா எடுக்கணும்? ஊர் உலகத்துல பண்ணாததயா நாம பண்ணிட்டோம்? ஒளிக்கறதுக்கு இன்னா இருக்குது? எவனோ சிரிக்கறான்னு நாம எடுத்தா, என்னமோ தப்பு பண்ணிட்ட மாதிரி ஆயிடும்" என்றாய். அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அப்புறம் என்னிடம் குரலை இறக்கிச் சொன்னாய். "அம்மா, நான் அங்க இல்லயேம்மா. லீவு குடுக்கல அந்தப் பாவி. அத பாத்துத்தான் நானும் இருந்தேன்னு நெனச்சிக்கிறேன்" என்றாய். பென் டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளேன்டா என்றேன். கீழே எல்லாரும் எழுதின வாழ்த்தெல்லாம் போய்விடும், அதில் உன்னோடு வேலை செய்து போன வருஷம் அங்கேயே செத்துப்போன ஆளும் எழுதியிருக்கிறார், அவர் எழுதினது வேறு எங்கேயும் இல்லை என்றாய். எனக்கு உன் மேல் கோபம்தான். ஆனால் அதைக் கேட்டதும் திட்ட வந்ததை விட்டுவிட்டுப் போனை வைத்தேன். அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

ஆனால் ஒளிக்க என்ன இருக்கிறது என்று நீ கேட்ட கேள்வி என்னை விடவில்லை. அதையே எல்லாரும் கேட்கிறார்கள். நூறு நாள் வேலைக்கு ஏரி வாய்க்கால் வெட்டப் போகிறோம் இல்லையா, அங்கே ஒரு நாளைக்கு ரெண்டு தடவை எங்களை வெயிலில் வரிசையாக நிறுத்திப் போனில் படம் எடுக்கிறார்கள். அது எங்கே போகிறது, எத்தனை நாள் இருக்கும், யார் பார்ப்பார்கள் என்று நான் கேட்டேன். படம் எடுக்கிற பெண்ணே, "எனக்குத் தெரியாதும்மா, மேல போவுது" என்றாள். அதற்குக் கூட இருந்தவர்கள் என்னைத்தான் கேலி செய்தார்கள். "நீ இன்னா பெரிய சினிமாக்காரியா? இந்த மூஞ்சிய வச்சிக்கினு எவன் இன்னா பண்ணப் போறான்? ஒளிக்கறதுக்கு இன்னாடி கீது ஒங்கிட்ட?" என்றாள் ஒருத்தி. பேரனின் ஆதார் அட்டையைப் படம் எடுத்து எவன் கேட்டாலும் அனுப்பிக்கொண்டிருப்பவள் அவள்.

நான் அவளிடம் கேட்டேன். வீட்டுக்கு வீடு கக்கூஸ் வருவதற்கு முன்னால் நாம் எங்கே போனோம்? கிருமாம்பாக்கம் ரோட்டோரம், கரும்புக் கொல்லை ஓரமாக, விடிகிற நேரத்தில் கும்பலாகப் போவோம். எதற்குப் போகிறோம் என்று ஊரில் தெரியாதவன் உண்டா? எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் செய்கிற காரியம்தான், அதில் தப்பும் கிடையாது. ஆனாலும் கடலூர் லாரி வந்து வெளிச்சம் பட்டதும் அத்தனை பேரும் சேலையை இறக்கிவிட்டு எழுந்து நிற்போம். லாரி போனதும் உட்காருவோம். அடுத்த லாரி வரும், மறுபடி எழுந்து நிற்போம். மழைக்காலத்தில், வயிற்றில் பிள்ளையோடு, பத்து தடவை எழுந்து உட்கார்ந்தவள் நான். என்ன ஒளித்தோம்? ஒன்றும் இல்லை. அந்த லாரிக்காரனுக்கு நாம் யாரென்றும் தெரியாது. பின்னே எதற்கு எழுந்து நின்றோம், சொல்லுடி என்றேன். அவள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கிவிட்டாள். உனக்கும் அதுதான் என் கேள்வி. உன் மகள் ஏழு வருஷமாக லாரி வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து நிற்கவும் முடியவில்லை, லாரியும் நகரவில்லை.

இவ்வளவு பேசுகிற நான் அன்றைக்கு என்ன செய்தேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். இது உனக்குத் தெரியாது. உனக்காகத்தான் நேரலை போட்டோம் என்று இத்தனை நாளாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் ஒருத்தனுக்குக் காட்ட வேண்டுமென்றால் போனைப் பிடித்துக் காட்டியிருக்கலாம். உன் பொண்டாட்டி அதைத்தான் சொன்னாள். "அத்த, இவளுக்கு இந்த நாற்காலி, பேனரு எதுவும் புடிக்கல. வூட்டோட தண்ணி ஊத்தி முடிச்சிக்கலாம். அவருக்கு நான் போன்ல காட்டிடறேன்" என்றாள். நான்தான், "ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா கெட" என்றேன். ஸ்டுடியோக்காரன் வந்து, "சொந்தக்காரங்களுக்கு மட்டும் லிங்க் அனுப்பணுமா, எல்லாருக்கும் தெரியற மாதிரி போடணுமா?" என்று கேட்டான். கேட்டது என்னைத்தான். "எல்லாரும் பாக்கட்டும்பா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

ஏன் சொன்னேன் தெரியுமா? உன் மாமன் பொண்டாட்டி பார்க்கவேண்டும் என்றுதான். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், உங்கப்பா செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கரையாம்புத்தூரில் என் தம்பி மகளுக்கு இதே விழா. ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை. நான் பெண்ணுக்கு அத்தை. முதல் ஆலாத்தி என் கையால்தான் எடுக்கவேண்டும். தட்டைத் தூக்கினேன். உன் மாமன் பொண்டாட்டி மாம்பழக் கலர்ப் பட்டு கட்டிக்கொண்டு வந்து, சபையில் அத்தனை பேர் பார்க்க, என் கையிலிருந்து தட்டை வாங்கினாள். "நீங்க செத்த தள்ளி இருங்கக்கா, சுமங்கலிங்க சுத்தட்டும்" என்றாள். பின்னால் போய் வாழைக்காய் நறுக்கினேன். நறுக்கி வைத்துவிட்டு, சாப்பிடாமல் உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அன்றிலிருந்து அந்த வாசல்படியை நான் மிதிக்கவில்லை. உன் மாமன் மட்டும் நல்லது கெட்டதுக்கு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவான்.

அதனால் என் பேத்தி விழாவில் முதல் ஆலாத்தி நான் எடுத்தேன். விதவை எடுக்கலாமா என்று எவளும் கேட்கவில்லை, கேட்கவும் விட்டிருக்க மாட்டேன். அந்தக் கேமராக்காரன், "அம்மா, வெளிச்சம் சரியா வுழல, இன்னொரு தபா சுத்துங்க" என்றான். சுத்தினேன். நானே, "இப்ப சரியா வந்துச்சா பாரு, என் மூஞ்சி தெரியுதா?" என்று கேட்டு, மூன்றாவது தடவையும் சுத்தினேன். கரையாம்புத்தூரில் அவள் பார்ப்பாள், பார்த்து நொந்துபோவாள் என்று தட்டை மெதுவாகச் சுத்தினேன். அந்த நேரம் முழுவதும் அந்தப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உள்ளே போகலாம் என்று கேட்டது அப்போதுதான். உங்கப்பன் பார்க்கிறான் என்று சொன்னேனே, அதுவும் பொய். நீ லைனில் இருந்தாய் என்பது நிஜம். ஆனால் நான் அவளை உட்காரவைத்தது உனக்காக இல்லை. என் ஆங்காரத்துக்காகப் பிள்ளையை உட்காரவைத்துவிட்டு உன் பேரைச் சொன்னேன். இப்போது உன் பேரைச் சொல்லித்தான் அவளைக் கேலி பேசுகிறார்கள்.

சரி, செய்ததை நாமே சரி செய்வோம் என்று பாகூருக்குப் போனேன். ஸ்டுடியோக்காரன் நல்ல மரியாதையாகத்தான் நாற்காலி போட்டான். வீடியோவை எடு என்றேன். "அம்மா, புக் பண்ணவரு ஒங்க புள்ள. நாளைக்கு அவரு, என்னக் கேக்காம எதுக்கு எடுத்தேன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? அவர ஒரு போன் போடச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷ வேல" என்றான். அந்தப் பெண்ணே வந்து சொன்னால் ஆகாதா என்றேன். "அவங்க புக் பண்ணலயேம்மா" என்றான். "அவ மூஞ்சி தானேடா அது?" என்றேன். அவன் கம்ப்யூட்டரைத் துடைத்துக்கொண்டே, "அந்த வீடியோ நல்லாப் போயிருக்குதும்மா, அத பாத்துட்டுத்தான் இன்னும் நாலு பேரு வராங்க" என்றான். இதுதான் அவனுக்கு விஷயம். உன் மகளும் அந்தச் சேனலுக்கு இடம் கொடுத்திருக்கிற கம்பெனிக்கே மூன்று தடவை புகார் பாரம் நிரப்பி அனுப்பினாள். "பார்த்தோம், எங்கள் விதிக்கு மாறாக எதுவும் இல்லை" என்று மூன்று தடவையும் ஒரே பதில் வந்தது. எழுத்து மாறாமல் ஒரே பதில் வந்ததைப் பார்த்தால், மனுஷன் எவனும் பார்த்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வயதில் அவளைக் கேட்காமல் போட்டது செல்லும், பத்தொன்பது வயதில் அவளே எடு என்றால் செல்லாது. இது என்ன சட்டம் என்று உனக்காவது தெரிந்தால் சொல்.

அப்புறம் நான் செய்ததை உன்னால் நம்ப முடியாது. கரையாம்புத்தூருக்குப் போனேன். உன் மாமன் பொண்டாட்டி அந்த வீடியோவைத் தன் போனில் இறக்கி வைத்திருக்கிறாள் என்று உன் மாமன் எப்போதோ சொல்லியிருந்தான். ஊரான் போனில் இருப்பதை அழிக்க முடியாது, சொந்தத்தில் இருப்பதையாவது அழிப்போம் என்று புறப்பட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கி அந்தத் தெருமுனையில் கால் நின்றுவிட்டது. திரும்பிவிடலாமா என்று ரெண்டு தடவை யோசித்தேன். வாசலில் அவள்தான் உளுந்து காயவைத்துக்கொண்டிருந்தாள். கிழவியாகிவிட்டாள். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "வழி தெரிஞ்சிதாக்கா?" என்றாள். அந்த வாய் மட்டும் மாறவில்லை.

உட்காராமலே விஷயத்தைச் சொன்னேன். பதினைந்து நொடி சமாச்சாரம் அவளுக்கும் வந்திருக்கிறது. "நாங்க பாக்கணும்னு தானே போட்டீங்க? பாத்தேன். நீங்க தட்டு சுத்தினத மூணு தபாவும் பாத்தேன்" என்றாள். அவள் விடவில்லை. "நீங்க கேமராவப் பாத்துக்கினு இருந்தீங்க. அந்தப் புள்ள மூஞ்சிய பாத்தீங்களா? இங்க ஒக்காந்துக்கினு ஒங்க தம்பிகிட்ட சொல்றேன், யாராச்சும் அந்தப் புள்ளய உள்ள அழச்சிக்கினு போங்களேன், அதுக்கு முடியலன்னு. இங்கருந்து கத்துனா அங்க கேக்குமா?" என்றாள். மகனே, அத்தனை கூட்டத்தில் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தது அவள் ஒருத்திதான். இருபத்தெட்டு வருஷமாக நான் யாரை ஜென்மப் பகையாக வைத்திருந்தேனோ அவள்.

போனை என் கையிலேயே கொடுத்து, "நீங்களே அழிங்க" என்றாள். எனக்கு அழிக்கத் தெரியவில்லை. அவள்தான் விரலால் தொட்டுக் காட்டினாள். போய்விட்டது. மோர் கொண்டுவந்தாள், குடிக்கவில்லை. அவளை மன்னித்துவிட்டேன் என்று நீ நினைத்துக்கொள்ளாதே. தட்டை வாங்கினது வாங்கினதுதான், அது என்னோடு சுடுகாட்டுக்கு வரும். என் மனசில் இருப்பது நான் செத்தால் செத்துவிடும், யார் தேடினாலும் கிடைக்காது. அந்த ஸ்டுடியோக்காரன் கம்ப்யூட்டரில் இருப்பது அப்படியா? உன் மகளுக்குக் கல்யாணம் ஆகும், பிள்ளை பிறக்கும், அந்தப் பிள்ளையும் பேரைப் போட்டுத் தேடும். நான் கிள்ளிக்கொண்டே இருப்பேன், அவள் அழுதுகொண்டே இருப்பாள்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். கரையாம்புத்தூருக்கா போனாய் என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பத்து நாளில் அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசியது அப்போதுதான். அந்தத் தைரியத்தில் மனசில் இருந்ததைக் கேட்டேன். "ஏண்டி, அந்தத் துண்டு வீடியோ எத்தினி போன்ல கீதோ. ஒங்கப்பன் பெருச எடுத்துட்டா மட்டும் சிறுசு போயிடுமா? அப்பறம் எதுக்கு அவன்கிட்ட இவ்ளோ புடிவாதம்?" என்றேன். உன் வாயில் வரும் என்று நான் பயந்த கேள்வியைத்தான் நானே கேட்டேன். அவள் ரொம்ப நேரம் பாயைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: "போவாது ஆயா. எனக்குத் தெரியும். யாரு வேணா வச்சிக்கட்டும். எங்கப்பா வச்சிருக்கக் கூடாது. நான் வேணாம்னு சொன்னப்புறமும் எங்கப்பா வச்சிருக்காரு பாரு, அதான்."

இதை உனக்கு எழுதலாமா என்று தனியாகக் கேட்டேன். எழுது என்றாள். இதை அவள் அடிக்கவில்லை.

இப்போது நிலைமை இதுதான். இதற்குமேல் வராவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை போகிறாள். நீ வீடியோவை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் போகிறாளாம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்கிறாள். சொல்லிக்கொண்டே பையில் துணியை அடுக்குகிறாள், போவாள். என் கவலை வேறு. ஹாஸ்டலில் ஒரு பாரம் கொடுத்திருக்கிறார்கள். இந்த வருஷம் முழுக்க எந்த லீவுக்கும் வீட்டுக்குப் போகாமல் ஹாஸ்டலிலேயே தங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக்கொடுக்கிற பாரம். அதை நிரப்பியிருக்கிறாள். சனி ஞாயிறு கிடையாது, பொங்கல் கிடையாது. தை மாசம் நீ வருகிற முப்பது நாளும் அதில் அடக்கம். அவளைச் சேர்க்கும்போது உன் பொண்டாட்டி ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்ததால் கார்டியன் என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன். அதனால் இதற்கும் என் கையெழுத்துதான் வேண்டும். காலண்டருக்குப் பின்னால் மடித்துச் செருகி வைத்திருக்கிறேன். உன் பொண்டாட்டி ஒரு தடவை அதை எடுத்துப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திருப்பி அங்கேயே வைத்துவிட்டாள்.

நீ ஸ்டுடியோக்காரனுக்குப் போன் போடு. அதற்கு முன்னால் உன் செத்துப்போன கூட்டாளி எழுதினதை ஒரு காகிதத்தில் பார்த்து எழுதி வைத்துக்கொள். உன் கையால் எழுதினால் அது உன்னிடம் இருக்கும், வேறு யாரும் கேட்க மாட்டார்கள். அப்புறம், எடுத்துவிட்டேன் பாரு என்று இவளுக்குப் போன் போட்டுப் பெருமை பேசாதே. அவள் தினமும் காலையில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குகிறாள். அவளே தெரிந்துகொள்வாள். ரெண்டு நாள் கழித்து, முகம் காட்டாத சாதாப் போனில் கூப்பிடு. எடுத்தால் பேசு, எடுக்காவிட்டால் சும்மா இரு.

திங்கட்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்புவாள். அந்தப் பாரத்தைக் கேட்டால் கொடுக்கவேண்டியதுதான். காணோம் என்று சொல்லவோ, அப்புறம் பார்க்கலாம் என்று இழுக்கவோ எனக்குத் தெரியாதது இல்லை. உன் முகத்தை நினைத்தால் அப்படிச் சொல்லத்தான் வாய் வருகிறது. ஆனால் உன் பேரைச் சொல்லி ஒரு தடவை அந்தப் பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்தவள் நான். மறுபடி உட்காரவைக்க மாட்டேன். கேட்டால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன்.

உன் அம்மா